பத்து பில்டரும் ஒரு பச்சை ஸ்டிக்கரும்

உங்கள் பயிற்சி வகுப்பில் உயிரி டீசல் பற்றி நாற்பது ஸ்லைடு காட்டினார்களாம். நாற்பதிலும் ஒரு பச்சை இலை இருந்ததாம். நல்லது. இலை இருந்தால் எஞ்சின் நன்றாக ஓடும் என்று எங்கள் காலத்திலும் நம்பினோம். போக்குவரத்துப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் அரைமணி நேரம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கலவையின் வேதியியல் எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நான் எப்படி முட்டாளாக நடந்துகொண்டேன் என்பது. அதை விளக்கமாகவே சொல்கிறேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் நாடு முழுக்கக் காட்டாமணக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. தரிசு நிலமெல்லாம் காட்டாமணக்கு நடுவார்கள், அந்த விதையில் எண்ணெய் எடுப்பார்கள், அது டீசலாகும், அப்புறம் அரபு நாடுகள் நம்மிடம் வந்து கைகட்டி நிற்கும் என்று பேசிக்கொண்டார்கள். எர்ணாவூரில் எங்கள் ரசாயனத் தொழிற்சாலையின் பொது மேலாளர் ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். போனவர் சாதாரண மனிதர். திரும்பி வந்தவர் தீர்க்கதரிசி.

போக்குவரத்து மேற்பார்வையாளரான என் பொறுப்பில் ஆறு டீசல் பிக்கப் வண்டிகள் இருந்தன. ஐந்து சரக்குக்கு. ஆறாவது சிவப்பு வண்டி, அவசரத்துக்கு மட்டும். வாயுக் கசிவு ஏற்பட்டால் முதுகில் காற்றுச் சிலிண்டரும் முகத்தில் கண்ணாடி முகமூடியும் மாட்டிக்கொண்டு உள்ளே போவார்களே, அந்த சுவாசக் கருவிகள் நான்கு, கயிறு, அடைப்புச் சாமான்கள் எல்லாம் அதில் எப்போதும் ஏற்றியே இருக்கும். எங்களுக்கு மட்டுமில்லை, சுற்றுவட்டாரத்தில் எந்தத் தொழிற்சாலையில் விபத்து நடந்தாலும் அந்த வண்டி போகவேண்டும் என்று ஒப்பந்தம்.

ஆறு வண்டிக்கும் நூற்றுக்கு இருபது பங்கு உயிரி டீசல் கலந்து ஊற்றுவது என்று முடிவானது. முதலில் ஐந்து பங்கில் தொடங்கலாமே என்று ஒருவர் கேட்டார். "ஐந்தெல்லாம் பேப்பர்ல வராது" என்றார் பொது மேலாளர். மாலை போட்டோம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம், கதவில் பச்சை இலை ஸ்டிக்கர் ஒட்டினோம். சிவப்பு வண்டியில் பச்சை ஸ்டிக்கர். பார்க்கப் பழுத்த தக்காளி போல இருந்தது.

ஐந்து பங்கு கேட்டவர் எங்கள் ஆய்வகத்து அம்மா. தூத்துக்குடிப் பக்கம். பெயரைச் சொன்னால் திட்டுவார் என்பதால் விட்டுவிடுகிறேன். அவர் எனக்கு மேலதிகாரி இல்லை, என் பிரிவும் இல்லை. ஆனால் வேலையில் நான் கற்றதில் பாதி அவரிடம் திட்டு வாங்கிக் கற்றது. விழா முடிந்த மறுநாள் பழைய எரிபொருள் ஓஸில் ஒரு துண்டு வெட்டிக்கொடுக்கச் சொன்னார். அதை ஊறுகாய் பாட்டிலில் போட்டு, உயிரி டீசல் ஊற்றி, என் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தார்.

"இது என்னத்துக்கு மேடம்?"

"சும்மா பாத்துக்கிட்டே இருங்க சார்" என்றார்.

ஒரு வாரத்தில் அந்த ரப்பர் துண்டு தயிர்வடை மாதிரி ஊறிப் பெருத்திருந்தது. பாட்டிலை எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டேன். மேஜையில் வைத்திருந்தால் பார்க்க வேண்டியிருக்கிறதே.

பத்தே நாளில் முதல் வண்டி இருமியது. மணலி ரோட்டில் ஏற்றத்தில் இழுக்காமல் நின்றுவிட்டது. டீசலை வடிகட்டும் பில்டரைக் கழற்றினால் உள்ளே கன்னங்கரேலென்று கூழ். அடுத்த நாள் இரண்டாவது வண்டி. அந்த அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"உங்க டேங்கை எப்ப கடைசியா கழுவினீங்க?"

"டேங்கை யாராவது கழுவுவாங்களா மேடம்?"

"அதாம். எட்டு வருசத்து அழுக்கு டேங்க் செவுத்துல ஒட்டிக் கெடக்கு. சாதா டீசல் அதைத் தொந்தரவு பண்ணாது. இது சோப்பு மாதிரி எல்லாத்தையும் உரிச்சி எடுத்துட்டு வந்து பில்டர்ல கொட்டும். எண்ணெய் மேல தப்பில்ல சார். டேங்க்க எறக்கிக் கழுவுங்க, ஓஸை மாத்துங்க, அப்புறம் ஊத்துங்க."

தெளிவான பதில். என்ன செய்யவேண்டும் என்று இதைவிடப் பச்சையாக யாரும் சொல்லமுடியாது. ஆனால் டேங்கை இறக்கினால் வண்டி இரண்டு நாள் நிற்கும். நின்றால் ஏன் நின்றது என்று எழுதவேண்டும். பொது மேலாளர் அடுத்த மாதம் டெல்லியில் நம் வெற்றியைப் பற்றிப் பேசப்போகிறார். பரிசோதனைப் படிவத்தில் 'பிரச்சினைகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நான் வாரம் தவறாமல் ஒரே சொல்லைத்தான் எழுதினேன்: இல்லை. அழகான கையெழுத்தில் எழுதினேன்.

ஸ்டோரில் பத்து பில்டர் இருந்தன. ஐந்து வண்டிகளுக்கும் ஆளுக்கு இரண்டு தடவை, சத்தமில்லாமல் மாற்றினேன். பத்தும் தீர்ந்தது. புதிதாகக் கேட்டால், ஒரு மாதத்தில் பத்து பில்டரை என்ன தின்றாயா என்று கேட்பார்கள். அதனால் கேட்கவில்லை. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இதைத் திட்டமிடல் என்று அப்போது நினைத்தேன்.

ஆய்வகத்து அம்மா வழியில் பார்த்துக் கேட்டார். "சார், அஞ்சு வண்டிக்கு மாத்தியாச்சு. ஆறாவது?"

"அது நிக்கிற வண்டிதானே மேடம். ஓடவே இல்ல, அதுக்கு என்ன ஆகும்?"

"நிக்கிற வண்டிதாம் சார் மொதல்ல நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நல்ல நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். வாரத்துக்கு ஒருமுறை சிவப்பு வண்டியை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறுமவிட்டு, பதிவேட்டில் டிக் போடுவது எங்கள் வழக்கம். ஒவ்வொரு வாரமும் சிங்கம்போல உறுமியது. நின்ற இடத்தில் உறும ஒரு சொட்டு டீசல் போதும், பாரத்தோடு ஓடத்தான் நிறைய வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை நினைத்துப் பார்க்க நேரமில்லை. டிக் போடும் வேலை இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். போன் வந்தது. திருவொற்றியூரில் ஒரு ஐஸ் பேக்டரியில் அம்மோனியா கசிவு. இறால் பதப்படுத்தும் கூடமும் அதோடு சேர்ந்தது. எல்லோரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள், இரண்டு பேரைத் தவிர. கம்ப்ரசர் ஓட்டும் ஏகாம்பரம் என்பவரும், இறால் தோலுரிக்கும் செல்வி என்ற பெண்ணும் மாடி அறையில் மாட்டிக்கொண்டார்கள். படிக்கட்டு முழுக்க வாயு. மூச்சுக்கருவி இல்லாமல் யாரும் ஏறமுடியாது.

சிவப்பு வண்டி சைரனோடு கிளம்பியது. ஓட்டியவர் தேசிங்கு. வியாசர்பாடிக்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து நடுவர். பக்கத்தில் நான். பின்னால் பாதுகாப்புப் பிரிவு ஆட்கள் இரண்டு பேர், கருவிகளைப் பிடித்துக்கொண்டு. தூரம் அதிகமில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் வழக்கம்போல துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வால் நீட்டி நின்றன. தேசிங்கு ஓரமாக வண்டியைச் செருகி ஓட்டினார். ஆக்சிலேட்டரை அழுத்திய அந்தக் கணம் வண்டி ஒரு தடவை விக்கியது. இன்னொரு தடவை விக்கியது. அப்புறம் நின்றுவிட்டது. சைரன் மட்டும் நிற்கவில்லை. அது பேட்டரியில் ஓடுவது, அதற்கு உயிரி டீசல் தேவையில்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பேனட்டைத் திறந்தேன். டூல் பாக்ஸில் உபரி பில்டர் இருக்கவேண்டிய இடம் காலி. பத்தும் தீர்ந்த பிறகு அதையும் மூன்றாவது வண்டிக்கு நான்தான் எடுத்துப் போட்டிருந்தேன். இருந்த பில்டரைக் கழற்றி, கூழை ரோட்டில் உதறி, துடைத்து, திரும்ப மாட்டி, கையால் பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்றினேன். வண்டி கிளம்பியது. இருநூறு அடி போய் மறுபடி நின்றது.

"சார்" என்றார் தேசிங்கு.

"இரு, இரு. இன்னொரு தபா உதறினா போய்டும்."

மறுபடி கழற்றினேன். கையெல்லாம் கறுப்பு. தொழிற்சாலைக்குப் போன் போட்டேன். வேறு வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். அது எங்களுக்குப் பின்னால் அதே லாரி வரிசையில் நுழைந்து வரவேண்டும். தீயணைப்பு வண்டியும் இன்னொரு முனையில் அதே வரிசையில்தான் வந்துகொண்டிருந்தது.

"சார், நான் இன்னா சொல்றேன்னா..."

"நீ சும்மா இருப்பா! வேலை செய்ய வுடு."

பேனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பது பெரிய நிம்மதி, தெரியுமா? உள்ளே நட்டு, போல்ட்டு, ஸ்பேனர் எல்லாம் இருக்கும். கைக்கு வேலை இருக்கும். வேலை செய்கிறோம் என்ற எண்ணம் இருக்கும். மாடியில் இரண்டு பேர் இருப்பது அங்கிருந்து தெரியாது. பின்னாளில் எத்தனையோ மேற்பார்வையாளர்கள் நெருக்கடியில் இப்படிக் குனிந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கச் சுறுசுறுப்பாக இருப்பார்கள். நானும் அன்று மிகச் சுறுசுறுப்பாக இருந்தேன்.

தேசிங்கு என் தோளைப் பிடித்து இழுத்து நிமிர்த்தினார். பன்னிரண்டு வருடமாக என்னைத் தொட்டுப் பேசியதில்லை.

"சார், இன்னா பண்ணிகினு கீற நீ? போவ வேண்டியது வண்டியா, மூச்சுப் பெட்டியா? அத்தச் சொல்லு மொதல்ல."

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ரோட்டுக்கு நடுவில் போய்க் கையை நீட்டி ஒரு மீன்பாடி வண்டியை மறித்தார்.

மீன்பாடி வண்டி என்றால், முன்னால் மரப்பலகை, பின்னால் பழைய ஸ்கூட்டர் எஞ்சின் வைத்துக் கட்டிய மூன்று சக்கர வண்டி. காசிமேட்டில் மீன் கூடை ஏற்ற ஆரம்பித்து, அப்புறம் வடசென்னையில் எதை வேண்டுமானாலும் ஏற்றியது. அது கக்கும் புகையில் எங்கள் பொது மேலாளரின் மாநாட்டு அரங்கம் முழுவதும் மயங்கி விழுந்திருக்கும்.

ஓட்டிவந்தவர் எங்கள் வண்டியின் பச்சை ஸ்டிக்கரைப் பார்த்தார். "இன்னா மாமு, இலை வாடிப்போச்சா?"

"வாயு கசிஞ்சிகினு கீது நைனா, ரெண்டு உசுரு உள்ள மாட்டிகினு கீது. ஐஸ் பேக்டரிக்கு வுடு" என்றார் தேசிங்கு.

மீன்பாடிக்காரர் காலி மீன்கூடைகளை ரோட்டோரம் வீசி எறிந்தார். நான்கு கருவிகளோடு இரண்டு பாதுகாப்பு ஆட்களும் பலகையில் ஏறினார்கள். தேசிங்கும் தொற்றிக்கொண்டார். லாரிகளுக்கு நடுவே, ஒரு ஆள் போகும் சந்தில், அந்த வண்டி புகைவிட்டுக்கொண்டே போய் மறைந்தது.

நான் பின்னாலேயே ஓடினேன். ஓடும்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் முறை வண்டி நின்றதிலிருந்து எட்டு நிமிடம் ஆகியிருந்தது. அந்த எட்டு நிமிடத்தில் என் முதுகுக்குப் பின்னால் குறைந்தது மூன்று மீன்பாடி வண்டிகள் போயிருந்தன. சத்தம் கேட்டது எனக்கு. எரிச்சலோடு, யாருடா அது என்றுகூட நினைத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது இருவரையும் கீழே இறக்கிவிட்டிருந்தார்கள். செல்வி நடந்தே வந்தார். இருமல், கண்ணெரிச்சல், வேறொன்றுமில்லை. மாடியில் ஒரே ஒரு நனைந்த கோணிச்சாக்குதான் இருந்ததாம். ஏகாம்பரம் அதை செல்வியின் தலையில் போட்டு மூடிவிட்டு, தன் சட்டையைக் கழற்றி முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சட்டை காய்ந்த சட்டை, அம்மோனியாவைத் தடுக்காது. அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். கண்ணைத் திறக்க முடியவில்லை.

மறுநாள் பொது மேலாளர் அறையில் விசாரணை. மேஜைமேல் ஒரு தட்டச்சுத் தாள் தயாராக இருந்தது. ஓட்டுநரின் முரட்டுத்தனமான கையாளுதலால் வாகனம் பழுதடைந்தது என்று அதில் போட்டிருந்தது. கீழே என் கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு. தேசிங்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"டெல்லி ப்ரோக்ராம் இருக்கு" என்றார் பொது மேலாளர். "ப்யூயல்னு எழுதினா நல்லா இருக்காது. டிரைவருக்கு ஒரு வார்னிங்தான். பெரிசா ஒண்ணும் பண்ணப்போறதில்ல."

எவ்வளவு கருணை பாருங்கள். நான் பேனாவை எடுத்தேன். உங்களிடம் வீரம் பேச வரவில்லை, எடுத்தேன் என்பதுதான் உண்மை. ஆய்வகத்து அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்த தேசிங்குவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கிறாரே என்று நானும் பார்த்தேன். என் தோளைப் பிடித்து இழுத்த கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஸ்டாக் புக்க எடுத்துப் பாருங்க சார்" என்றேன். "ஒரு மாசத்துல பத்து பில்டர். பத்தும் நான் எடுத்தது. டேங்க கழுவணும்னு மேடம் சொன்னாங்க, நான் கழுவல. படிவத்துல 'இல்லை'ன்னு எழுதினது நான். ப்யூயலும் காரணம் இல்ல, டிரைவரும் காரணம் இல்ல."

"இதெல்லாம் எழுதித்தான் ஆகணுமா?"

"ஆகணும் சார்" என்று அந்தத் தட்டச்சுத் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். எழுதி முடிக்க அரைமணி நேரமானது. யாரும் காபி கொடுக்கவில்லை.

பலன் உடனே கிடைத்தது. என்னைக் கேன்டீன் மேற்பார்வைக்கு மாற்றினார்கள். பதினான்கு மாதம் சாம்பாரைக் கவனித்துக்கொண்டேன். உயிரி டீசலை ஒரே நாளில் தடைசெய்தார்கள். போன வாரம் நாட்டைக் காப்பாற்ற இருந்த எண்ணெய் இந்த வாரம் நம் நாட்டுச் சூழ்நிலைக்கு ஒத்துவராததாகிவிட்டது. டெல்லியில் பொது மேலாளர் அதைப் பற்றியும் பேசினார், அதற்கும் கைதட்டினார்களாம். ஒரு வருடம் கழித்து அந்த அம்மாவே விடாமல் சண்டைபோட்டு, டேங்குகளைக் கழுவி, ஓஸ்களை மாற்றி, ஐந்து பங்கில் தொடங்கி மெல்ல ஏற்றி, சரக்கு வண்டி ஐந்திலும் திரும்ப ஊற்றவைத்தார். நான் ஓய்வுபெறும்வரை ஒழுங்காக ஓடின. சிவப்பு வண்டிக்கு மட்டும் வேண்டாம் என்றார். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் அது தண்ணீரை இழுத்துக் கெட்டுப்போகும் என்றார். இப்போது நீங்கள் பேசும் புதுப்பிக்கத்தக்க டீசல் வேறு ரகம், இந்தத் தொல்லையெல்லாம் தராது என்கிறீர்கள். இருக்கலாம். படிவத்தில் 'பிரச்சினைகள்' கட்டம் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஏகாம்பரத்தைப் பார்க்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குமுன் தைரியம் வரவில்லை. தண்டையார்பேட்டையில் வீடு. வலது கண்ணில் பார்வை போய்விட்டது, இடது கண் தேறிவருகிறது என்றார்கள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். செல்வி வாங்கிவந்து கொடுத்த சாத்துக்குடியை அவரே உரித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பத்து பில்டர், கட்டத்தில் எழுதியது, பேனட்டுக்குள் குனிந்து நின்றது, எட்டு நிமிடம்.

அவர் ஒரு சுளையைப் பிய்த்தார்.

"கண்ணைத் தொறக்க முடில சார். அதனால எண்ணிகினு இருந்தேன். நூறு வரிக்கும் எண்ணுவேன், மறுபடி ஒண்ணுலேர்ந்து. அந்தப் பொண்ணு அழுதுகினு கீது, அதுக்குக் கேக்கட்டும்னு சத்தமா எண்ணுனேன். எட்டு நூறு வரிக்கும் நானு. அப்பால அதுதான் எண்ணிச்சாம்."

எட்டு நூறில் ஏறக்குறைய ஐந்து நூறு, அந்த எட்டு நிமிடம், என்னுடையது. மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன், அவரிடம் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கேட்க விரும்பியது வேறு.

"அந்த வண்டிய சரி பண்ட்டீங்களா?"

"பண்ணிட்டாங்க. டேங்க் கழுவி, புது ஓஸ், புது பில்டர்."

கம்ப்ரசர் ஓட்டிய மனிதர் அல்லவா. "லோடு ஏத்தி ஓட்டிப் பாத்தியா?" என்றார். "நீ" என்று மாறியதை நான் கவனித்தேன்.

"நான் இப்ப கேன்டீன்ல இருக்கேன்" என்றேன்.

"அத்தக் கேக்கலியே நானு."

எழுந்து வந்தேன். பஸ் பிடித்து நேரே தொழிற்சாலைக்குப் போனேன். தேசிங்கு ஷெட்டில் இருந்தார். பாதுகாப்புப் பிரிவில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, நான்கு கருவிகளையும் ஏற்றி, ராயபுரம்வரை போய்த் திரும்பலாமா என்று கேட்டேன். கேன்டீன் ஆள் கேட்கிற கேள்வியா இது என்று அவர் கேட்கவில்லை. கண்டெய்னர் வரிசைக்குள் போனோம், வந்தோம். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். வண்டி இழுத்தது. அன்றைய பதிவேட்டில் டிக் போட எனக்கு அதிகாரமில்லை; தேசிங்குதான் போட்டார்.